முதலாளி உள்ளே, பாடியவர்கள் வெளியே: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பரிந்துரைக் குழு உறுப்பினர்கள், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் (ராக் இசைப் புகழ்க்கூடம்), அமெரிக்கா.

பொருள்: தி மங்கீஸ் குழுவைக் கலைஞர் பிரிவில் பரிந்துரைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தி மங்கீஸ் என்ற அமெரிக்க பாப் குழுவின் இசைப்பதிவுகளை மேற்பார்த்த டான் கிர்ஷ்னருக்கு 2012-ஆம் ஆண்டு, மேடைக் கலைஞர் அல்லாதவர்களுக்கான அஹ்மெட் எர்டெகன் விருது அளித்தீர்கள். தகுதியானவர்தான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பாடகரும் பாடலாசிரியருமான நீல் டைமண்ட் உங்கள் ஹாலுக்குள் வந்தார். 2010-ல் பாடலாசிரியர்கள் பாரி மான், சிந்தியா வைல், ஜெஃப் பாரி ஆகியோர். 1990-லேயே பாடலாசிரியர் இணை ஜெர்ரி கோஃபினும் கேரோல் கிங்கும். பின்னணி வாசிப்பாளர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய 2000-ல் டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளேன், அடுத்த ஆண்டு கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன்.

ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பெருமைகள் உண்டு. ஆனால் இத்தனை பேரும் கைவைத்த ஒரு பொது வேலையும் உண்டு. அது 1966-லும் 1967-லும் வெளியான தி மங்கீஸ் குழுவின் இசைத்தட்டுகள். அந்தப் பாடல்களை எழுதியவர்கள் உங்கள் ஹாலில் இருக்கிறார்கள். அவற்றில் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் மேற்பார்த்தவர் இருக்கிறார். உறையின் முன்பக்கத்தில் நின்ற மிக்கி டோலன்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டோர்க், டேவி ஜோன்ஸ் என்ற நால்வர் மட்டும் இல்லை. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. இவர்களுடைய முதல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிறு இசைத்தட்டு) ஆகஸ்ட் 1966-ல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே தகுதி உண்டு என்றாலும், வாக்குச்சீட்டில் பெயர்கூட வந்ததில்லை. வாக்களிப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கலாம். நீங்கள் பட்டியலில் சேர்க்காத பெயருக்கு அவர்களால் வாக்களிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

குற்றச்சாட்டு என்ன என்பது தெரிந்ததுதான். இது தானாக முளைத்த குழு அல்ல, தயாரிக்கப்பட்ட குழு. கருவிகளை அவர்கள் வாசிக்கவில்லை. பாட்டையும் அவர்கள் எழுதவில்லை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தயாரிக்கப்பட்ட குழு என்பது உண்மை. தயாரிப்பாளர்கள் பாப் ராஃபெல்சனும் பெர்ட் ஷ்னைடரும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக செப்டம்பர் 1965-ல் ஹாலிவுட் வணிகப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். நானூறுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அந்த விளம்பரம் பார்த்து வந்து தேர்வானவர் நெஸ்மித் மட்டுமே. ஜோன்ஸ் ஏற்கெனவே தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்த மான்செஸ்டர் நடிகர். பீட்டில்ஸ் முதன்முதலாக எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றிய பிப்ரவரி 9, 1964 அன்றிரவு, அதே மேடையில் ஒரு பிராட்வே இசை நாடகக் குழுவோடு அவரும் பாடினார். டோலன்ஸ் ஐம்பதுகளில் குழந்தை நட்சத்திரம். டோர்க் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் நாட்டுப்புற இசைக் கூட்டத்திலிருந்து வந்தவர். அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னவர் இசைக்கலைஞர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். தொடர் செப்டம்பர் 12, 1966 அன்று என்.பி.சி.யில் தொடங்கியது, 58 அத்தியாயங்கள் ஓடி மார்ச் 1968-ல் முடிந்தது. நடுவில், 1967-ல், சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் பெற்றது.

ஆக, ஆள் எடுத்துச் சேர்த்த குழுதான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் விதிகளில் ஒரு குழு எப்படிச் சேர்ந்தது என்று கேட்கும் பிரிவு எங்கே இருக்கிறது? பள்ளி நண்பர்களாகச் சேர்ந்தால் ஒரு மதிப்பெண், விளம்பரம் பார்த்துச் சேர்ந்தால் கழித்தல் என்று எங்கும் எழுதப்படவில்லை. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் தன் பாடகர்களுக்கு உடை, நடை, மேடைப் பேச்சு வரை வகுப்பு எடுத்தது. சுப்ரீம்ஸ் 1988-லும் டெம்ப்டேஷன்ஸ் 1989-லும் உங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டார்கள். வந்ததும் சரியே.

அடுத்தது வாசிப்பு. இங்கேதான் காலக்கோட்டைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு ஆல்பங்களுக்கு உண்மையாக இருப்பது மூன்றாவதற்குப் பொய்.

முதல் ஆல்பம் அக்டோபர் 1966-ல் வந்தது. அதில் பெரும்பாலான டிராக்குகளை பாடலாசிரியர்கள் டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இருவரும் தங்கள் சொந்தக் குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். 'லாஸ்ட் டிரெயின் டு கிளார்க்ஸ்வில்' பாட்டின் கிட்டார் வரி லூயி ஷெல்டனுடையது. பாஸ் கிட்டார் வாசித்தவர் லாரி டெய்லர், பின்னாளில் கேன்ட் ஹீட் குழுவில் பெயர் பெற்றவர். ஏன் வெளியாட்கள்? கணக்கு எளிது. முதல் பருவத்துக்கு 32 அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் வழக்கமாக இரண்டு பாட்டு. நால்வரும் பகல் முழுக்கப் படப்பிடிப்பில். டோலன்ஸுக்கு டிரம்ஸ் என்பதே தொடருக்காகக் கொடுக்கப்பட்ட வேடம். அவர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். ஆகவே டிராக்கை மற்றவர்கள் முடித்து வைக்க, இவர்கள் இரவில் வந்து குரலை மட்டும் பதிந்துவிட்டுப் போனார்கள். அப்போதும் நெஸ்மித் சும்மா இருக்கவில்லை. 'பாப்பா ஜீன்ஸ் ப்ளூஸ்' உட்பட இரண்டு பாடல்களை அந்த ஆல்பத்திலேயே எழுதித் தயாரித்திருக்கிறார். டெக்சாஸ்காரர் என்பது அந்தப் பாட்டின் முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். கன்ட்ரி இசையை ராக்கோடு சேர்த்த முன்னோடிகள் என்று நீங்கள் கொண்டாடும் பல ஆல்பங்களுக்கு அது மூத்தது.

திரையில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாசிப்பவர் பத்துப் பேர் என்ற ஏற்பாட்டிலேயே வளர்ந்த எங்களுக்கு இதில் என்ன பெரிய மோசடி என்று விளங்குவதில்லை. இருக்கட்டும், உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 1965-ல் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவானபோது பேர்ட்ஸ் குழுவிலிருந்து கருவி வாசித்தவர் ரோஜர் மெக்கின் ஒருவரே. டிரம்ஸ் ஹால் பிளேன், பாஸ் லாரி நெக்டல். பேர்ட்ஸ் 1991-ல் உள்ளே வந்தார்கள். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' டிராக்குகளைப் பெரும்பாலும் வாசித்தது அதே லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக் கூட்டம். அவர்கள் 1988. மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் பாடல்களுக்குப் பின்னாலும் அதே கைகள். அவர்கள் 1998. ஒரே ஊர், ஒரே ஆட்கள், ஒரே முறை. மங்கீஸுக்கு மட்டும் அது குற்றமானதற்குக் காரணம், அவர்கள் வாரா வாரம் தொலைக்காட்சியில் கருவியோடு நின்றதும், 1967 தொடக்கத்தில் நெஸ்மித் பத்திரிகைக்காரர்களிடம் உண்மையை வெளிப்படையாகச் சொன்னதும்தான். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை, தப்பித்தார்கள்.

இரண்டாவது ஆல்பம் 'மோர் ஆஃப் தி மங்கீஸ்' ஜனவரி 1967-ல் வந்தது. நால்வரும் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். எந்தப் பாட்டு போகிறது, உறையில் எந்தப் படம் வருகிறது என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வியாபாரத்தைப் பொறுத்தவரை கிர்ஷ்னர் சொன்னதுதான் நடந்தது. நீல் டைமண்ட் எழுதிய 'ஐம் எ பிலீவர்' கடைக்கு வருமுன்பே 10 லட்சத்துக்கும் மேல் முன்பதிவு பெற்று, அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆல்பம் 18 வாரம் முதலிடம். இப்படி விற்றுக்கொண்டிருக்கும்போது யாராவது சண்டை போடுவார்களா? இவர்கள் போட்டார்கள்.

பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் கிர்ஷ்னரோடு நடந்த கூட்டத்தில் நெஸ்மித் சுவரில் குத்திய கதை எல்லோரும் சொல்வது. அதைவிட முக்கியமானது ஸ்டுடியோவில் நடந்தது. ஜனவரி 1967-லேயே 'தி கேர்ள் ஐ நியூ சம்வேர்' என்ற நெஸ்மித்தின் பாட்டை, டர்ட்டில்ஸ் குழுவின் பாஸ் கலைஞராக இருந்த சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராக வைத்துத் தாங்களே வாசித்துப் பதிந்துவிட்டார்கள். டக்ளஸ் அதுவரை ஒரு தட்டுகூடத் தயாரித்தவர் அல்ல. நடுவில் வரும் ஹார்ப்சிகார்ட் தனி வாசிப்பு டோர்க்குடையது. அடுத்த சிங்கிளின் மறுபக்கத்தில் இதுதான் வர வேண்டும் என்று நால்வரும் நின்றார்கள். கிர்ஷ்னரோ 'ஷி ஹேங்ஸ் அவுட்' என்ற வேறொரு டிராக்கை மறுபக்கத்தில் வைத்து, அனுமதியில்லாமல் கனடாவில் வெளியிட்டார். அவருடைய வேலை போனது. 'தி கேர்ள் ஐ நியூ சம்வேர்' மறுபக்கப் பாட்டாகவே வெளியாகி, 39-ஆம் இடம்வரை ஏறியது.

இனி மூன்றாவது ஆல்பம், 'ஹெட்குவாட்டர்ஸ்'. இந்த மடலில் நீங்கள் ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஹாலிவுட்டில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஸ்டுடியோ. பிப்ரவரி, மார்ச் 1967. ஒலிப்பொறியாளர் ஹேங்க் சிக்காலோ, தயாரிப்பு சிப் டக்ளஸ். டிரம்ஸ் டோலன்ஸ். கிட்டாரும் பெடல் ஸ்டீலும் நெஸ்மித். பியானோ, ஆர்கன், பாஞ்சோ, தேவைப்பட்டால் பாஸ், எல்லாம் டோர்க். டாம்பரின், மரக்காஸ் போன்ற தாளக் கருவிகள் ஜோன்ஸ். டோர்க் விசைப்பலகையில் உட்கார்ந்தால் பாஸ் வாசிக்க ஆள் இருக்காது என்பதால், பெரும்பாலான பாடல்களில் பாஸ் டக்ளஸே. 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' பாட்டுக்கு மட்டும் ஒரு செல்லோ, ஒரு பிரெஞ்சு ஹார்ன் வெளியிலிருந்து வந்தன. வெளி உதவி மிகச் சொற்பமே. அன்றைய ராக் ஆல்பங்களில் எத்தனை இந்தக் கணக்கைக் காட்ட முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேட்கும்போது குறைகளும் காதில் விழும். விழட்டும். புதிதாக டிரம்ஸ் பழகியவருக்கு அடி தெரிந்தாலும் காலப்பிரமாணம் நிற்காது. வரிக்கும் பல்லவிக்கும் இடையே உருட்டி அடிக்கும் இடங்களில் அரைக்கணம் முந்திவிடும், பிறகு பாட்டு அதைப் பின்தொடர்ந்து ஓட வேண்டும். டோலன்ஸுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் வலக்கைக்காரர், ஆனால் இடக்காலால் பேஸ் டிரம்மை மிதிப்பவர்; சிறுவயதில் வலக்காலைப் பாதித்த நோயின் விளைவு அது. வழக்கமான அடுக்கில் வைத்த டிரம்ஸ் அவருக்கு ஒத்துவராது. அதனால் டேக் மேல் டேக் எடுத்தார்கள். ஸ்டுடியோ விற்பன்னர்கள் ஒரு மாலையில் மூன்று டிராக் முடித்துவிடும் ஊரில், இவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த உழைப்புக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 'நோ டைம்' பாட்டை உருவாக்கியது குழு. ஆனால் தட்டில் எழுதியவர் பெயர் சிக்காலோ. பொறுமையாக உடனிருந்த ஒலிப்பொறியாளருக்கு ராயல்டி போகட்டும் என்று குழு கொடுத்த பரிசு அது.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ராண்டி ஸ்கௌஸ் கிட்', டோலன்ஸ் எழுதியது. டிம்பனி முழக்கம், பழைய நடனக்கூடப் பியானோ போன்ற ஒரு வரி, திடீரென்று கத்தும் பல்லவி. இறுதியில் வரியும் பல்லவியும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். அந்தத் தலைப்பு பிரிட்டனில் வசவாகப் படும் என்பதால் அங்கே 'ஆல்டர்னேட் டைட்டில்', அதாவது மாற்றுத் தலைப்பு, என்றே பெயர் வைத்து விட்டார்கள். அங்கே இரண்டாம் இடம். பொம்மைக் குழுவுக்கு யாரும் இப்படி ஒரு பாட்டை எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்தால் கிர்ஷ்னர் குப்பையில் போட்டிருப்பார், அவர் தரப்பில் அது நியாயமும்கூட.

'ஹெட்குவாட்டர்ஸ்' மே 1967-ல் வந்தது. அமெரிக்காவில் அதிலிருந்து ஒரு சிங்கிள்கூட வெளியிடவில்லை. ஒரு வாரம் முதலிடம். அடுத்த வாரம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் வந்து தள்ளியது. பிறகு 11 வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. எதற்குப் பின்னால் நின்றது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டில் மட்டும் நான்கு ஆல்பங்கள் பில்போர்டு முதலிடத்தைத் தொட்டன. ஒரே ஆண்டில் நான்கு என்பதை வேறு எந்தக் குழுவும் செய்ததில்லை.

நான்காவது ஆல்பம், நவம்பர் 1967-ல் வந்த 'பைசிஸ், அக்வேரியஸ், காப்ரிகார்ன் அண்ட் ஜோன்ஸ் லிமிடெட்'. இதில் முறை மாறியது என்பதை எங்கள் தரப்பிலிருந்தே சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார். டோலன்ஸ் டிரம்ஸ் வாசித்தது ஒரே ஒரு பாட்டில். மற்றவற்றில் பெரும்பாலும் ஸ்டுடியோ டிரம்ஸ் கலைஞர் எடி ஹோ. மற்றொரு 'ஹெட்குவாட்டர்ஸ்' எடுக்கும் பொறுமை டோலன்ஸுக்கு இல்லை. குழுவாக வாசிப்பதிலேயே ஆசை வைத்திருந்த டோர்க்குக்கு அது கடைசிவரை வருத்தம். ஆனால் கட்டுப்பாடு நால்வர் கையிலும் டக்ளஸ் கையிலும்தான் இருந்தது. எந்தப் பாட்டு, எந்த ஒலி என்று தீர்மானித்தது அவர்கள். அதே கோடையில் வெளியான 'பிளசன்ட் வேலி சண்டே'யைக் கேளுங்கள்: கோஃபின்-கிங் பாட்டு, தொடக்கக் கிட்டார் வரி நெஸ்மித், பியானோ டோர்க், பாஸ் டக்ளஸ், டிரம்ஸ் ஹோ. முடிவில் எதிரொலியைப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் பாட்டே அந்த முழக்கத்துக்குள் மூழ்கிவிடும். புறநகர் வாழ்க்கையைக் கிண்டல் செய்யும் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

அந்த நான்காம் ஆல்பத்தில்தான் மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வருகிறது. ராக் ஆல்பத்தில் அது ஒலித்த முதல் சில இடங்களில் இது ஒன்று. அன்றைய மூக் என்பது விசையை அழுத்தினால் ஒலிக்கும் இன்றைய கீபோர்டு அல்ல. அலமாரி அளவு பெட்டிகள். ஒவ்வொரு ஒலிக்கும் வயர்களை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குச் செருக வேண்டும். நினைவகம் கிடையாது, வயரைக் கழற்றினால் அந்த ஒலி போயிற்று. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். சூடேறச் சூடேற சுருதி நழுவும். டோலன்ஸ் அதைத் தன் சொந்தக் காசில் வாங்கி, நெஸ்மித் எழுதிய 'டெய்லி நைட்லி'யில் தானே வாசித்தார். தேர்ந்த வாசிப்பல்ல, கைக்குக் கிடைத்த புதுக் கருவியை முடுக்கிப் பார்க்கும் ஒருவரின் வாசிப்பு. இரவுத் தெருவைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பக்கத்திலேயே 'ஸ்டார் கலெக்டர்' பாட்டில் கைதேர்ந்த பால் பீவர் அதே கருவியை வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். 'லவ் இஸ் ஒன்லி ஸ்லீப்பிங்' ஏழு அடித் தாளத்தில் போகிறது. சிறுவர்களுக்கான வியாபாரச் சரக்கு என்று சொல்பவர்கள் முதலில் அதற்குக் கை தட்டிப் பார்க்கட்டும்.

மேடை. முதல் பொது நிகழ்ச்சி டிசம்பர் 3, 1966, ஹொனலுலு. அங்கிருந்தே அவர்களே வாசித்தார்கள். ஆதாரம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 1967-ல் சியாட்டில், போர்ட்லாந்து, ஸ்போக்கேன் ஊர்களில் எடுத்த பதிவுகள் 1987-ல் வெளியாயின, கிடைக்கின்றன. அவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. நிகழ்ச்சியின் நடுவே ஒவ்வொருவரும் தனியாக ஒரு பாட்டு பாடுவார்கள். அந்தத் தனிப் பாட்டுகளுக்கு மட்டும் தி சன்டவுனர்ஸ் என்ற குழு பின்னணி வாசித்தது. டோர்க் மட்டும் பாஞ்சோவோடு தனியாகவே சமாளித்தார். இதைப் பிரித்துக் கேட்காமல், மேடையிலும் வேறு ஆட்கள்தான் வாசித்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. குழுவாகப் பாடும் பகுதிகளில் மூன்று கருவிகள்தான்: ஒரு பன்னிரண்டு தந்திக் கிட்டார், ஒரு பாஸ் அல்லது ஆர்கன், டிரம்ஸ். அன்று மேடையில் பாடகருக்குத் தன் குரலைத் திருப்பிக் கேட்கும் மானிட்டர் பெட்டி கிடையாது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே சுருதி விலகாமல் டோலன்ஸ் டிரம்ஸும் வாசித்துப் பாடியிருக்கிறார் என்பதை வைத்துக் கேளுங்கள். அந்தக் கோடைப் பயணத்தில் சில நாட்கள் இவர்களுக்கு முன் வாசித்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அவரை அழைக்கச் சொன்னவரும் டோலன்ஸ். பிள்ளைகள் டேவியைக் கேட்டுக் கத்தியதில் ஹென்ட்ரிக்ஸ் விலகிக்கொண்டார்; நல்ல எண்ணம், தவறான அரங்கம்.

1968-ல் வந்த 'ஹெட்' திரைப்படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஃபெல்சனும் ஜாக் நிக்கல்சனும் எழுதியது. தன்னையே கேலி செய்து கிழித்துப்போடும் படம். வந்தபோது யாரும் பார்க்கவில்லை. மங்கீஸ் சம்பாதித்த பணம்தான் அடுத்த ஆண்டு 'ஈசி ரைடர்' படத்துக்குக் கை கொடுத்தது என்பதைத் திரைப்பட வரலாறு எழுதுவோர் மறப்பதில்லை. இசை வரலாறு எழுதுவோருக்கு அந்தப் படத்தில் இருக்கும் முக்கியமான பொருள் 'சர்க்கிள் ஸ்கை'. மே 1968-ல் சால்ட் லேக் சிட்டியில் நால்வரும் நேரில் வாசித்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் படத்தின் இசைத்தட்டில் வந்ததோ ஸ்டுடியோவில் வெளியாட்களோடு எடுத்த வேறு பதிவு. வாசித்துக் காட்டிய ஆதாரத்தை எடுத்துவிட்டு, வாசிக்காததைத் தட்டில் போட்டார்கள். இந்தக் குழுவுக்கு நேர்ந்த அநியாயங்களில் எங்களுக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

மூன்றாவது குற்றச்சாட்டு, பாட்டு எழுதவில்லை என்பது. எல்விஸ் உங்கள் முதல் ஆண்டு, 1986-லேயே வந்தவர்; அவர் பாட்டு எழுதி வாழவில்லை. இங்கேயோ நெஸ்மித் தொடக்கத்திலிருந்தே எழுதினார். அவருடைய 'டிஃபரன்ட் டிரம்' 1967-ல் லிண்டா ரான்ஸ்டட்டை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. ரான்ஸ்டட் 2014-ல் உங்களிடம் வந்துவிட்டார். 'மேரி, மேரி'யை 1966-லேயே பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் பேண்டும் 1988-ல் ரன்-டி.எம்.சி.யும் எடுத்தார்கள், இருவருமே உங்கள் பட்டியலில் உள்ளவர்கள். டோர்க் இணைந்து எழுதிய 'ஃபார் பீட்ஸ் சேக்' தொடரின் இரண்டாம் பருவத்துக்கு முடிவிசையானது. பாட்டையும் படத்தையும் சேர்த்து வெட்டும் முறையை அந்தத் தொடர் வாரா வாரம் பழக்கியது. அதிலிருந்து நெஸ்மித் 1980-ல் 'பாப்கிளிப்ஸ்' என்ற காணொளி நிகழ்ச்சிக்கு வந்தார்; அடுத்த ஆண்டு எம்.டி.வி. பிறந்தது. காணொளிக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதலில் வாங்கியவரும் அவரே.

அப்படியானால் நாளை ஆர்ச்சீஸ் குழுவையும் சேர்க்கச் சொல்வீர்களா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். மாட்டோம். கிர்ஷ்னர் மங்கீஸிடமிருந்து போன பிறகு ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவை நடத்தி, 1969-ல் 'ஷுகர், ஷுகர்' பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். வரைந்த படங்கள் கூட்டம் கூட்டி மறுபக்கப் பாட்டுக்காகச் சண்டை போடுவதில்லை. அந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் நாங்கள் எழுதுகிறோம்.

இனி நடைமுறைக் கோரிக்கைகள்.

பரிந்துரை கலைஞர் பிரிவில் வர வேண்டும். இசைத் தாக்கம், இசைச் சிறப்பு என்று உங்களிடம் வேறு வாசல்கள் இருக்கின்றன; வாக்கு கிடைக்காதவர்களை அந்த வழியாகக் கூட்டிவரும் வழக்கமும் உண்டு. வாக்குச்சீட்டில் ஒரு முறைகூடப் போடாத பெயரை நேராகப் பக்கவாசலுக்கு அனுப்பாதீர்கள். நான்கு பெயர்களும் சேர்ந்தே வர வேண்டும். ஜோன்ஸ் கருவி வாசிக்கவில்லை என்று அவரை விடவோ, டோர்க் 1968 முடிவிலும் நெஸ்மித் 1970-லும் விலகினார்கள் என்று அவர்களைக் குறைக்கவோ இடமில்லை. ஜோன்ஸ் பிப்ரவரி 29, 2012 அன்று காலமானார்; நீங்கள் கிர்ஷ்னருக்கு விருது அளித்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. டோர்க் 2019-ல், நெஸ்மித் 2021-ல். மேடையேறி வாங்கிக்கொள்ள மீதமிருப்பவர் டோலன்ஸ் ஒருவரே, அவரும் எண்பதைக் கடந்துவிட்டார். இரங்கலாக ஓட்டு கேட்கவில்லை. கால அட்டவணையைச் சொல்கிறோம். சிப் டக்ளஸைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு: தயாரிப்பாளர்களுக்கு நீங்கள் தரும் விருதுக்கு அவர் பெயர் ஏன் பேசப்படுவதில்லை என்பது எங்களுக்கு இன்னொரு புதிர்.

கூட்டத்தில் போட்டுக் காட்டத் தொகுப்பு ஆல்பத்தை எடுக்காதீர்கள். தொகுப்புகளில் 1966 பாடல்களும் 1967 பாடல்களும் கலந்து வருவதால், யார் வாசித்தது என்ற கேள்விக்கு அவற்றிலிருந்து விடை கிடைக்காது. முதலில் 'லாஸ்ட் டிரெயின் டு கிளார்க்ஸ்வில்' போடுங்கள், வெளியாட்கள் வாசித்தது என்று சொல்லியே போடுங்கள். அடுத்து 'தி கேர்ள் ஐ நியூ சம்வேர்'. பிறகு 'ஹெட்குவாட்டர்ஸ்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 'யூ ஜஸ்ட் மே பி தி ஒன்' வரும்போது பாஸைக் கவனியுங்கள், அது டோர்க். அதன்பின் 'டெய்லி நைட்லி'. 'டேட்ரீம் பிலீவர்' போட்டால் தொடக்கப் பியானோவைத் தவறவிடாதீர்கள். அதை அமைத்தவரும் டோர்க்கே. அதற்கு முன்னால் டேக் எண்ணைக் கேட்டு ஜோன்ஸ் சலித்துக்கொள்ளும் குரல் வரும், அதை வெட்டிய பதிப்புகளும் உண்டு, முழுப் பதிப்பைத் தேடி எடுங்கள். கடைசியாக 'சர்க்கிள் ஸ்கை'. இதற்கு மட்டும் 1968 இசைத்தட்டை எடுக்க வேண்டாம். படத்தில் வரும் மேடைப் பதிவை, ஒலியோடு படத்தையும் சேர்த்துத் திரையில் போடுங்கள்.

இப்படிக்கு,
மங்கீஸ் இசைத்தட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டுவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்